இரக்கத்தின் மன்றாட்டும் ஆற்றின் பாடலும்: ‘கந்தீசா’ இசைத்தொகுப்பு பற்றிய ஒரு திறனாய்வு

ஆராதனையில் எவ்வகை இசை இடம்பெறலாம் என்னும் வினா காவிரிப் படுகையின் சபைகளில் மீண்டும் மீண்டும் எழுந்துகொண்டிருக்கிறது. முதியோர் கீர்த்தனைகளை விட மனமின்றி இருக்கின்றனர். வாலிபர் கித்தாரும் கீபோர்டும் டிரம்ஸும் வேண்டும் என்கின்றனர். சபைக் கமிட்டிகளில் இது பெரும்பாலும் இசைக்கருவிகளைப் பற்றிய வழக்காகவே பேசப்பட்டு, காலை ஆராதனை ஒரு சாராருக்கும் மாலை ஆராதனை மறு சாராருக்கும் என்று பங்கிடப்பட்டு முடிகிறது. வழக்கு முடிந்தாலும் வினா முடிவதில்லை. நம் இசை யாருடைய குரலைக் கடவுளின் சமுகத்திற்குக் கொண்டு வருகிறது என்பதே அதன் அடியில் கிடக்கும் வினா. அதனை ஆராய்வதற்கு, திருச்சபைக்கு வெளியே பிறந்த ஓர் இசைத்தொகுப்பு நமக்குத் துணை செய்யக்கூடும். டெல்லியைச் சேர்ந்த ‘இந்தியன் ஓஷன்’ என்னும் ராக் இசைக்குழு 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கந்தீசா’ என்பதே அத்தொகுப்பு.

குழுவும் தொகுப்பும்

இக்குழு 1990இல் டெல்லியில் உருவாயிற்று. நம் நாட்டில் மக்கள் கேட்கும் பாடல்களில் பெரும்பகுதி திரைப்படத்தைச் சார்ந்தவை. அதனைச் சாராது, தாமே இயற்றித் தாமே இசைத்து வாழ முற்பட்ட சிலருள் இவர்களும் அடங்குவர். 1993இல் இவர்களது முதற்தொகுப்பு வெளிவந்தது. 1997இல் வெளிவந்த ‘டெசர்ட் ரெய்ன்’ மேடையில் இசைத்தபொழுதே பதிவு செய்யப்பட்டது. ஆகவே வரிசையில் மூன்றாவதாக வந்த ‘கந்தீசா’, ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவான தொகுப்புகளில் இரண்டாவதாகும். சுஸ்மித் சென் கித்தாரும், ராகுல் ராம் பேஸ் கித்தாரும், அசீம் சக்கரவர்த்தி தபலாவும், அமித் கிலாம் டிரம்ஸும் இசைக்க, ராகுல் ராமும் அசீம் சக்கரவர்த்தியும் முதன்மையாகப் பாடினர். அசீம் சக்கரவர்த்தி 2009ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் மறைந்தார். சுஸ்மித் சென் 2013இல் குழுவை விட்டு விலகினார். எனவே இத்தொகுப்பில் கேட்கும் அந்நால்வரின் கூட்டிசையை இனி மேடையில் கேட்க இயலாது.

தொகுப்பில் ஏழு பாடல்கள் உள்ளன. அவற்றுள் இரண்டினைப் பற்றியே இக்கட்டுரை பேசும். ஒன்று தொகுப்பிற்குப் பெயர் தந்த ‘கந்தீசா’. மற்றொன்று ‘மா ரேவா’. முன்னது சுரியானி மொழியில் அமைந்த ஒரு பழம்பெரும் கிறிஸ்தவ மன்றாட்டு. பின்னது நருமதை ஆற்றங்கரை மக்களின் நாட்டுப்பாடல். இவ்விரண்டும் ஒரே தட்டில், அதே கருவிகளோடும் அதே குரல்களோடும் ஒலிக்கின்றன. இந்த அண்மையே நாம் கருத வேண்டியது.

மும்முறை கூறப்படும் பரிசுத்தம்

‘கந்தீசா’ என்னும் சொல் பரிசுத்தத்தைக் குறிக்கும் சுரியானிச் சொல்லின் கேரள ஒலிப்பு. கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களுள் கீழைச் சுரியானி முறையைப் பின்பற்றுவோரிடையே இம்மன்றாட்டு வழங்கி வந்தது. இறையியல் மாணவர்கள் இதனைத் திரிசாகியோன் என்னும் கிரேக்கப் பெயரால் அறிவர். கடவுளை மும்முறை பரிசுத்தர் என்று அழைத்து, அவருடைய வல்லமையையும் அழியாமையையும் அறிக்கையிட்டு, இறுதியில் இரக்கம் கோருவது இதன் அமைப்பு. ஏசாயா 6ஆம் அதிகாரத்தில் சேராபீன்கள் பாடும் பாடலின் எதிரொலி இதிலே உண்டு. ஆயினும் சேராபீன்கள் இரக்கம் கேட்பதில்லை, மனிதரே கேட்கின்றனர்.

கி.பி. 451இல் கூடிய கல்கெதோன் பொதுச்சங்கத்தில் இது முழங்கப்பட்டது என்பதற்குச் சான்றுண்டு. கொன்ஸ்தாந்தினோப்பிள் நகரம் நிலநடுக்கத்தால் அலைக்கழிக்கப்பட்டு, மக்கள் தெருக்களில் நின்று கதறிய காலத்தில் இது பிறந்தது என்று மரபு கூறும். அம்மரபை வரலாறாகக் கொள்ளாவிடினும், அது உணர்த்தும் இறையியல் உண்மையை நாம் தள்ளிவிடலாகாது. கால்களுக்குக் கீழே நிலம் நில்லாதபொழுது மக்கள் கூடி நின்று கூறியது இம்மன்றாட்டு என்றே திருச்சபை இதனை நினைவில் வைத்திருக்கிறது.

இது நமக்கு அந்நியமானதன்று. தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனை முறை 1950இல் உருவானபொழுது, ஆயத்தப் பகுதியில் இம்மன்றாட்டும் இடம்பெற்றது. மேலைத் திருச்சபைகளிலிருந்து வந்த நாம் கீழைத் திருச்சபைகளிடமிருந்து நன்றியோடு பெற்றுக்கொண்ட கொடைகளில் இதுவும் ஒன்று. நம்முள் பலர் இதனைத் தமிழில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். எவ்வாறு சொல்லுகிறோம் என்பதுதான் கேள்வி. ஆராதனை முறை நூலின் பக்கத்தைப் புரட்டும் நேரத்திற்குள் அது முடிந்துவிடுகிறது.

இந்தியன் ஓஷன் குழுவினர் இதே சொற்களுக்கு ஏறத்தாழ எட்டு நிமிடங்கள் தருகின்றனர். மிகச் சிலவான அச்சொற்கள் மெல்லத் தொடங்கி, திரும்பத் திரும்ப வந்து, ஒரு குரலோடு மற்றொரு குரல் சேர்ந்து, கித்தாரும் தாளமும் சிறிது சிறிதாகப் பெருகி எழுகின்றன. அவசரம் எங்கும் இல்லை. பரிசுத்தரின் முன்னிலையில் மனிதனுக்குத் தோன்றும் அச்சமும் ஈர்ப்பும், சொற்பொருள் அறியாதவனுக்கும் ஒருவாறு புலப்படுகின்றன. விசுவாச அறிக்கை எதுவும் செய்யாத ஓர் இசைக்குழு இதனைச் செய்திருப்பது நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும். கூறியது கூறல் என்று நாம் தள்ளுகிற மறுமொழிதல், இங்கே மன்றாட்டின் இயல்பாகவே அமைந்திருக்கிறது. இரக்கத்திற்காக நிற்பவன் ஒருமுறை கேட்டு வீடு திரும்புவதில்லை.

வேறொரு செய்தியும் இங்கே கருதத்தக்கது. சீரோ-மலபார்ச் சபை 1962இல் தன் வழிபாட்டைச் சுரியானியிலிருந்து மலையாளத்திற்கு மாற்றியது. மக்கள் அறியும் மொழியில் வழிபாடு நடைபெற வேண்டும் என்பது சீர்திருத்தத் திருச்சபைகளாகிய நமக்கும் உயிரான கொள்கை. கருத்தோடும் பாட வேண்டும் என்று 1 கொரிந்தியர் 14ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. ஆயினும் அம்மாற்றத்தோடு சுரியானிப் பாடல்கள் பல இளைய தலைமுறையின் நாவிலிருந்து நழுவின. ஆலயத்தில் அருகி வந்த அம்மொழியின் ஒரு பாடலை, நாற்பதாண்டுகளுக்குள், கல்லூரி விழாக்களில் பல மதத்து இளைஞர் சேர்ந்து பாடினர். கடவுளின் கொடைகள் நாம் வகுத்த வாய்க்கால்களில் மட்டுமே ஓடுவதில்லை.

நருமதையின் பாடல்

ரேவா என்பது நருமதையின் மற்றொரு பெயர். ‘மா ரேவா’ அவ்வாற்றைத் தாயாகக் கண்டு அவள் நீரைப் போற்றும் பாடல். ராகுல் ராம் நச்சுயியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நருமதைப் பாதுகாப்பு இயக்கத்தோடு சேர்ந்து பள்ளத்தாக்கில் உழைத்தவர். அணைகளால் நிலமும் ஊரும் இழக்கவிருந்த மக்களிடையே வாழ்ந்த காலத்தில் அறிந்த பாடலையே குழுவிற்குக் கொண்டு வந்தார். சர்தார் சரோவர் அணை 2017இல் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. பாடலில் போற்றப்பட்ட ஆற்றங்கரைகளில் பல இன்று நீருக்கடியில் உள்ளன.

இப்பாடலில் முழக்கமோ கண்டனமோ இல்லை. ஆறு இருக்கிறது, அதன் நீர் இனிது என்னும் மகிழ்ச்சியே இருக்கிறது. அம்மகிழ்ச்சியே கேட்போரைக் கலங்கச் செய்கிறது. தாம் இழக்கப்போவதை மக்கள் எவ்வளவு நேசித்தனர் என்பதை அது சொல்லிவிடுகிறது. நம் திருமறையில் சீயோனின் பாடல்களை நினைத்துப் பாபிலோனின் ஆறுகளருகே அழுதவர்களை அறிந்த நமக்கு இது புதிதன்று.

இனி இரண்டு பாடல்களையும் சேர்த்துக் கேட்போம். ஒன்று பரிசுத்தரிடம் இரக்கம் கேட்கிறது. மற்றொன்று இரக்கம் யாருக்குத் தேவையோ அவர்களுடைய குரல். இவற்றை அருகருகே வைத்த குழுவினர் இறையியல் நோக்கோடு அவ்வாறு செய்தனர் என்று கூறுவதற்கில்லை. தம் மனத்தைத் தொட்டவற்றைச் சேர்த்தனர், அவ்வளவே. ஆயினும் அச்சேர்க்கை நம் ஆராதனைகளில் அடிக்கடி காணாத ஒரு முழுமையைக் காட்டுகிறது. நாம் மன்றாட்டை ஓரிடத்திலும், மன்றாட வேண்டிய மக்களின் குரலை வேறோரிடத்திலும் வைத்துப் பழகியிருக்கிறோம். வேண்டுதல் செய்யும்போது ஏழைகளுக்காக ஜெபிக்கிறோம். ஏழைகளின் பாட்டு மட்டும் ஆலயத்தில் கேட்பதில்லை.

தொகுப்பின் குறைகள்

பாராட்டி முடிப்பது திறனாய்வாகாது. இத்தொகுப்பில் குறைகள் உண்டு.

முதலாவது, கேட்போரில் மிகப் பலருக்குக் ‘கந்தீசா’வின் பொருள் தெரியாது. சொல் வெறும் ஒலியாக நின்றுவிட்டால், யாரை நோக்கி எதைக் கேட்கிறோம் என்பது மறைந்துபோகும். பரிசுத்தம் என்பது பழைமையின் மணமாகவும், புரியாமையின் கவர்ச்சியாகவும் சுருங்கிவிடும் அபாயம் இங்கே மெய்யானது. பவுலின் எச்சரிக்கை இவ்விடத்தில் தன் வலிமையை இழக்கவில்லை.

இரண்டாவது, ராக் இசையின் இயல்பு உச்சத்தை நோக்கிப் பெருகுவது. மன்றாட்டின் இயல்போ காத்திருப்பது. பாடல் வளர்ந்து வெடித்தெழும் இடத்தில், இரக்கம் கேட்டவன் இரக்கம் பெறுமுன்னரே வெற்றிக்களிப்பில் ஆழ்ந்துவிடுவதுபோல் தோன்றுகிறது. மேடைகளில் இப்பாடலுக்குக் கிடைக்கும் கரவொலி இதனை உறுதிப்படுத்துகிறது. இக்குறை நமக்கும் அந்நியமன்று. வாலிபர் கூட்டங்களில் பாடல் உரத்து எழுந்தவுடன் ஆவியானவர் அசைவாடினார் என்று எண்ணிக்கொள்ளும் பழக்கம் பரவியிருக்கிறது. ஒலியின் உயரத்தைக் கொண்டு அருளை அளக்கலாகாது.

மூன்றாவது, ஆற்றங்கரை மக்களின் பாடலை நகரத்தார் பாடும்போது அது யாருடைய உடைமையாகிறது என்னும் வினா எழுகிறது. இழந்தவரின் பாட்டு கேட்பவரின் இன்பமாக மாறி அங்கேயே நின்றுவிடக்கூடும். ராகுல் ராம் அம்மக்களோடு சேர்ந்து உழைத்தவர் என்பதால் அவரைப் பொறுத்தவரை இக்குற்றச்சாட்டின் வலிமை குறைகிறது. கேட்கும் நம்மைப் பொறுத்தவரை குறையவில்லை.

தஞ்சையின் கீர்த்தனை மரபு

இவ்வளவும் நம் படுகைக்கு என்ன கூறுகிறது? இசைக்கும் திருச்சபைக்கும் இடையிலான வழக்கு தஞ்சைக்குப் புதிதன்று. வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்றவர். தியாகராசரும் முத்துசாமி தீட்சிதரும் இதே படுகையில் பாடிய காலத்தில், அதே இசைமொழியில் கிறிஸ்துவைப் பாடியவர். பின்னர் வந்த மிஷனரிமார் தமிழ்ப் பாடல்களை ஆராதனையினின்று அகற்ற முற்பட்டபொழுது, 1829ஆம் ஆண்டளவில் அவர் அதனை ஒரு கொடுமை என்றே எழுதி முறையிட்டார். இன்று நாம் கீர்த்தனை பாடுவதற்கு அவருடைய உறுதியும் ஒரு காரணம்.

ஆனால் அம்முறையீட்டில் மற்றொரு பகுதியும் உண்டு. சாதி வேறுபாட்டைச் சபையில் கடைப்பிடிக்கலாகாது என்று மிஷனரிமார் வற்புறுத்தியதையும் அவர் கொடுமையாகவே எண்ணினார். தமிழ்ப் பாட்டைக் காத்த அதே கை, சாதி வரிசையையும் காக்க முயன்றது. இதனைக் கூறுவது அவருடைய புகழைக் குறைப்பதற்காக அன்று. நம் கீர்த்தனை மரபு எத்துணை அழகுடையதாயினும், அதன் கதவு யாருக்குத் திறந்திருந்தது, யாருக்கு அடைத்திருந்தது என்பதை மறவாதிருப்பதற்காகவே கூறுகிறோம்.

மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அருட்திரு ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005) இவ்வினாவை நம் காலத்தில் கூர்மையாக எழுப்பினார். மாணவர் பலரும் ‘பரட்டை’ என்னும் புனைபெயரால் அவரை அறிவர். கர்நாடக இசைவழிக் கீர்த்தனையைச் சிற்றூர் மக்கள் கற்றுப் பாடலாமே தவிரத் தம் விருப்பப்படி மாற்றியமைக்க இயலாது. கிராமிய இசையையோ அவர்கள் தாமே மீண்டும் மீண்டும் படைத்துக்கொள்வர் என்பது அவர் கருத்து. அதற்கேற்ப முழு ஆராதனையையும் கிராமிய இசையில் அமைத்துத் தந்தார். அக்கருத்தை அளவுகோலாகக் கொண்டால் ‘கந்தீசா’வின் சிறப்பு தெளிவாகும். பழைய மன்றாட்டை அவர்கள் கண்ணாடிப் பேழைக்குள் வைக்கவில்லை. தம் கைக்கு வந்த கருவிகளில் மறுபடியும் படைத்தனர்.

இப்படுகையின் வயல்களில் பாட்டு இருந்தது. குறுவைக்கும் சம்பாவுக்கும் நாற்று நட்ட பெண்கள் குனிந்த முதுகோடு பாடினர். ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர் ஏற்றுப் பாடுவர். நம் வழிபாட்டில் ஆயர் கூறச் சபையார் மறுமொழி கூறும் முறைக்கு இதனைவிட நெருங்கிய வடிவம் இம்மண்ணில் வேறில்லை. நடவு இயந்திரங்கள் வந்தபின் அப்பாட்டு அருகி வருகிறது. சுரியானிப் பாடல்களுக்கு நேர்ந்தது நடவுப் பாட்டிற்கும் நேரலாம். வேறுபாடு ஒன்றுண்டு. சுரியானியை ஒரு சபை போற்றிப் பாடியபின் கைவிட்டது. நடவுப் பாட்டையோ நாம் ஆலயத்திற்குள் அழைக்கவேயில்லை.

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட உழைப்பாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். அது கிறிஸ்து பிறப்பின் திருநாள். அந்நாளுக்குப் பின் இப்படுகையின் திருச்சபை பாடிய கிறிஸ்து பிறப்புப் பாடல்களுள் எத்தனையில் அக்குடிசை இடம்பெற்றது? இரக்கம் கேட்கும் மன்றாட்டை ஆராதனை முறை நூலில் வைத்திருக்கும் நாம், அதே ஆராதனையில் அந்த உழைப்பாளரின் பாட்டுக்கு இடம் தந்திருப்போமானால் இக்கேள்வி எழாது.

எச்சரிக்கையும் கடமையும்

இதனைக் கேட்டவுடன் பறையை ஆலயத்தில் முழக்கிவிட்டால் போதும் என்று எவரும் எண்ணலாகாது. பறையடித்தலைச் சாவுவீட்டு ஊழியமாகத் தம்மீது சுமத்திய ஊரை எதிர்த்து, அதனை விட்டெறிந்து திருச்சபைக்கு வந்த குடும்பங்கள் நம் நடுவே உள்ளன. அவர்கள் செவிக்கு அவ்வொலி விடுதலையாகவும் கேட்கலாம், பழைய காயமாகவும் கேட்கலாம். கல்லூரியில் கற்ற இறையியலை அவர்கள்மேல் ஏற்றி, ‘இதுவே உங்கள் இசை’ என்று நாம் தீர்மானிப்போமானால், அதுவும் ஓர் ஆதிக்கமே. கித்தாரை விரும்பும் தாழ்த்தப்பட்ட இளைஞனுக்கும், கீர்த்தனையை நேசிக்கும் கூலிக்காரப் பாட்டிக்கும் தம் இசையைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. முதலில் கேட்பதே ஆயரின் பணி. எந்தப் பாட்டு எந்த வீட்டில் இன்னும் உயிரோடிருக்கிறது, யார் அதனைப் பாட விரும்புகின்றனர், யார் விரும்பவில்லை, ஏன் என்று அறிந்தபின்னரே ஆராதனையை அமைக்க வேண்டும். இறையியல் மாணவர்கள் தம் சபைப் பயிற்சிக் காலத்தில் இதனை ஒரு பணியாக மேற்கொள்ளலாம்.

கருவிகளைப் பற்றிய வழக்கில் இனிக் காலத்தைச் செலவிட வேண்டியதில்லை. வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அதனைக் கைக்கொண்டனர். இன்று அதனை அந்நியக் கருவி என்பார் எவருமிலர். கித்தாருக்கும் அவ்வாறே ஆகலாம். எந்தக் கருவியானாலும், அது பரிசுத்தரின் முன் காத்திருக்கக் கற்றுத் தருகிறதா, எளியவரின் குரலுக்கு இடம் விடுகிறதா என்னும் இரண்டு வினாக்களையே நாம் கேட்க வேண்டும். கீர்த்தனையும் இவ்வினாக்களுக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டது. டிரம்ஸோடு பாடப்படும் புதிய பாடலும் அவ்வாறே.

‘கந்தீசா’ ஆராதனை அன்று. அது ஆராதனையாக இருப்பதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆராதனைக்கு அறிக்கையும், வசனமும், அப்பமும் இரசமும், கூடிவரும் சபையும் வேண்டும். அவை நம்மிடம் உண்டு. அத்தொகுப்பிடம் உள்ளவை இரண்டு: மன்றாடுவதற்குப் போதிய பொறுமை, மன்றாட வேண்டியவரின் பாட்டுக்கு ஓர் இடம். வரும் திருவிருந்து ஞாயிறன்று இம்மன்றாட்டைக் கூறும் இடத்தில் ஆயர்கள் சற்றே நிதானிக்கட்டும். மும்முறை அல்ல, ஒன்பது முறை பாடினாலும் தவறில்லை. அதன் இறுதியில், சபையில் இதுவரை பாட அழைக்கப்படாத ஒரு தாய், தன் சொந்த மெட்டில் தன் வேண்டுதலைப் பாடட்டும். அழியாதவராகிய பரிசுத்தர் அதனையும் கேட்பார். நாமும் கேட்கக் கற்றுக்கொள்வோமாக.